திருத்தாமல் விட்ட தமிழ்

ஒரு பெண் தமிழ் பேசக் கற்றுவிடக் கூடாது என்பதற்காக அவருக்கு ஒரு கோடை முழுவதும் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். தெரியாமல் நேர்ந்த பிழை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அவர் தேர்வில் தோற்றால் எனக்கு ஆதாயம். தோற்கும்படி சொல்லிக்கொடுத்தேன், தோற்றார், கடல் கடந்து வந்த வேலையில் சேராமலே திரும்பிப் போனார். அந்த வருடமே இதைச் சிலரிடம் ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு, என் மனைவி உட்பட, யாரிடமும் சொன்னதில்லை. எண்பது தாண்டிய இந்த வயதிலும் விடிவதற்கு முன் எழுந்து கூடத்தில் மேலும் கீழுமாக நடக்கிறேன். ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்கிறார் மருத்துவர்.

நான் பழனிக்காரன். அப்பாவுக்கு அடிவாரத்தில் கடை. விபூதி, சாமி படம், பஞ்சாமிர்த டப்பா, மொட்டை போட்டவர்களுக்குச் சந்தனம். மலையாளத்திலிருந்து வரும் பக்தர்களுக்கு மலையாளத்தில் விலை சொல்வார். மைசூர்ப் பக்கத்தவர்களிடம் கன்னடம், ஆந்திராக்காரர்களிடம் தெலுங்கு. அதையெல்லாம் நான் மொழியென்று கணக்கில் எடுத்ததே இல்லை. எனக்கு வேண்டியவை தூரத்து மொழிகள்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. மதுரையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒரு மொழி, இருபத்தைந்து வயதுக்குள் ஐந்து மொழி என்று எனக்கு நானே ஒரு திட்டம் வைத்திருந்தேன். பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், இத்தாலியன், ஸ்பானிஷ். விடுதி அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். வார்டன் அழிக்கச் சொன்னார். டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு மொழிக்கும் எதிரே அதற்கான இலக்கு இருந்தது: அகராதி இல்லாமல் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், தடுமாறாமல் பத்து நிமிடம் பேச வேண்டும், இப்படி. ஏன் ஐந்து, ஏன் இருபத்தைந்து என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. உட்கார முடியாத ஒரு பரபரப்பு எனக்குள் இருந்தது. அதற்கு ஒரு வரிசை தேவைப்பட்டது, அவ்வளவுதான். பிரெஞ்சைப் புத்தகத்திலேயே ஒரு வருடம் படித்தேன். பாதி வெந்த நிலையில் அதற்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டு ஜெர்மனுக்குத் தாவினேன். ஜெர்மன் இலக்கணத்தில் மூன்றாவது பாடம் வரும் முன்பே ரஷ்ய எழுத்துகளைக் கிறுக்கத் தொடங்கியிருந்தேன்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் கடையில் உட்கார்ந்துகொண்டு முணுமுணுப்பேன். அப்பா ஒருநாள் ஒரு மலையாளக் குடும்பத்துக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏண்டா, ஊருக்கு வர்றவன்கிட்ட பேசவே நாலு பாஷை வேண்டிக்கெடக்கு. வராதவன் பாஷையப் படிச்சு என்னடா பண்ணப் போற?”

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் புத்தகத்தை மூடிக்கொண்டு மலைப்படி வரை வேகமாக நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பி.ஏ. கடைசி வருடத்தில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு செய்தி ஒட்டியிருந்தது. ஜெர்மன் பேசத் தெரிந்தவர்களுக்கு அந்த நாட்டில் ஒரு வருடம் தங்கிப் படிக்க உதவித்தொகை. குளிர்காலத்தில் சென்னையில் வாய்மொழித் தேர்வு. அதைப் படித்த நிமிடத்திலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. புத்தகத்தில் இருந்த ஜெர்மன் என் கண்ணில் இருந்தது, வாயில் இல்லை. பேச ஓர் ஆள் வேண்டும். மதுரையில் யாரைத் தேடுவது?

கோடைக்கானலில் நாயுடுபுரத்தில் என் தாய்மாமன் இருந்தார். பங்களாக்களுக்குக் காய்கறி சப்ளை செய்துகொண்டிருந்தார். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, சீசனில் பிளம்ஸும் பேரிக்காயும். எந்த பங்களாவில் எந்த நாட்டுக்காரர் என்பது அவருக்கு அத்துப்படி. அவர்கள் சாப்பிடுவதை வைத்தே சொல்லிவிடுவார். அவர்தான் சொன்னார்: வெள்ளைக்கார மிஷன்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க மலைமேல் ஒரு பள்ளி நடக்கிறது, கோடையில் ஆள் போதாமல் திண்டாடுகிறார்கள், இங்கிலீஷ் தெரிந்த பி.ஏ. பையன் என்றால் உடனே எடுத்துக்கொள்வார்கள் என்று.

வத்தலக்குண்டிலிருந்து பஸ் மேலே ஏறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வினைச்சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பாதி வழியில் வாந்தி எடுத்தேன். துடைத்துக்கொண்டு மறுபடியும் புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் கற்பிப்பவரை அங்கே முன்ஷி என்பார்கள். தலைமை முன்ஷி ஒரு வயதான பண்டிதர். காலையில் தேவாலயக் கூடத்தில் எல்லோருக்கும் சேர்த்து இலக்கணமும் வாசிப்பும் அவர் எடுப்பார். அது முடிந்ததும் மாணவர் ஒருவருக்கு முன்ஷி ஒருவர் என்று பிரிந்து ஒரு மணி நேரம் வெளியே நடக்க வேண்டும். அந்த ஏற்பாட்டின் உயிரே அந்த நடைதான். மாணவரைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவார்கள். வெற்றிலைக் கடை, கசாப்புக் கடை, குழாயடி என்று நிறுத்தி ஜனங்களோடு பேசவைப்பார்கள். கூடத்தில் படித்தது ஏட்டுத் தமிழ். வாழ்க்கைக்கு வேண்டிய தமிழ் இந்த நடையில்தான் காதில் ஏறும். மற்ற முன்ஷிகள் தங்கள் மாணவர்களை மீன்காரியோடு பேரம் பேசவிட்டுப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு ஒதுக்கப்பட்டவர் ஜெர்மன் நாட்டுத் தாதி. முப்பது வயதைத் தாண்டியவர். எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. தேடிக்கொண்டிருந்த வாய் என் எதிரில் வந்து நிற்கிறது. தயங்கித் தயங்கி என் திட்டத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. காலையில் நீங்கள் எனக்குத் தமிழ், மாலையில் நான் உங்களுக்கு ஜெர்மன் என்று கைகொடுத்தார்.

அவருடைய நிலைமையை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன். அவருடைய மிஷன் அய்யம்பாளையம் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை நடத்திவந்தது. அங்கே ஒரு தமிழ் டாக்டரம்மா மட்டும் தனியாக இருந்தார். பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் பொறுப்பாக இந்தத் தாதி அங்கே போக வேண்டும். ஆனால் தமிழ்த் தேர்வில் தேறாமல் யாரையும் கீழே அனுப்பமாட்டார்கள். அவர் ஒருமுறை தோற்றிருந்தார். ஜூன் கடைசியில் இரண்டாவது முறை. அதிலும் தோற்றால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது விதி. தாதிகளுக்குப் பஞ்சம், அதனால் மூன்றாவது வாய்ப்பும் கொடுப்பார்கள் என்று முன்ஷிகள் பேசிக்கொண்டார்கள். நான் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கணக்கு எளிதாக இருந்தது. ஜூனில் அவர் தேறினால் அய்யம்பாளையம் போய்விடுவார். என் ஜெர்மன் பாதியில் நின்றுவிடும். தேறாவிட்டால் அடுத்த தேர்வு வரை மலையிலேயே இருப்பார். என் சென்னைத் தேர்வும் அதற்குள் வந்துவிடும். எனக்கென்று இலக்கு வைத்துப் பழகியவன், அவருக்கும் அவருக்குத் தெரியாமல் ஓர் இலக்கு வைத்தேன்.

பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கடைத்தெருவுக்குப் போகாமல் ஏரியைச் சுற்றி அழைத்துப் போனேன். அங்கே பேச ஆள் இல்லை. படகுக்காரர்கள் வெள்ளைக்காரர்களைக் கண்டால் இங்கிலீஷில்தான் கூப்பிடுவார்கள். நடந்துகொண்டே பாடப்புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். எதிரே வரும் விறகுக்காரப் பெண் ஏதாவது கேட்டால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்லி அவளை அனுப்பினேன். ஒருநாள் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி நின்று அவரிடம் நீளமாக ஏதோ சொன்னாள். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். ஒன்றுமில்லை, கொச்சைப் பேச்சு, உங்கள் தேர்வுக்குத் தேவையில்லை என்றேன். உண்மையில் அவள் குழந்தையின் காதில் சீழ் வடிவதைக் காட்டி மருந்து கேட்டிருந்தாள்.

அவர் தப்பாகப் பேசும்போது நான் திருத்தவில்லை. இதுதான் எல்லாவற்றிலும் சுலபமான காரியம், யாருக்கும் சந்தேகமும் வராது. வெள்ளைக்காரர் ஒருவர் வணக்கம் என்று சொல்லிவிட்டாலே உங்கள் தமிழ் அருமை என்று நாம் வாயெல்லாம் பல்லாக நிற்கிறோம். அது நம்முடைய மரியாதை. அந்த மரியாதையைத்தான் நான் அவருக்குத் தினமும் கொடுத்தேன். தப்பான உச்சரிப்புக்கு ஒரு ‘நன்று’, புரியாத வாக்கியத்துக்கு ஒரு ‘மிக நன்று’. பண்டிதர்கூட என்னைப் பொறுமைசாலி என்று மெச்சினார்.

மாலையில் அவர் முறை வரும். அவர் என்னை ஒரு சொல்லிலும் தப்பவிடவில்லை. வாயைத் திறந்தால் ‘நைன்’ என்பார். இல்லை, மறுபடி. மறுபடி. நாக்கை எங்கே வைப்பது என்று வாயைத் திறந்து காட்டுவார். என் முகம் சிவந்தாலும் கவலைப்படமாட்டார். வீட்டுக்கு நடந்து திரும்பும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வரும். இரண்டு வாரத்தில் என் நாக்கு திரும்பத் தொடங்கிவிட்டது. திருத்தினால் மொழி வரும் என்பதை ஒவ்வொரு மாலையும் என் வாயிலேயே கண்டுகொண்டு, மறுநாள் காலை திருத்தாமல் இருந்தேன்.

மாமன் வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நடப்பேன். அத்தை ஒருநாள், “என்னப்பா, தண்ணி கேக்குறதுக்குக்கூட எந்தப் பாஷையில கேக்குறதுன்னு யோசிக்கிறியா?” என்றார். நான் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் யாராவது சாதாரணமாகத் தமிழ் பேசினாலே என்னைக் குத்திக்காட்டுவது போல இருந்தது.

தேர்வு அன்று வெளியே மூடுபனி. கூடத்தில் மூன்று பேர் தேர்வாளர்கள். மொழிக் குழுவின் செயலாளரான ஓர் அமெரிக்கப் பாதிரியார், ஒரு தமிழ்ப் போதகர், அய்யம்பாளையத்து டாக்டரம்மா. முன்ஷிகளுக்குப் பின் பெஞ்சில் இடம். வாசிப்பில் சிஸ்டருக்கு நல்ல மதிப்பெண். இலக்கணக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். அடுத்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசி, அவர் சொன்னதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். தாதி என்பதால் ஒரு தாயையும் குழந்தையையும் டாக்டரம்மா ஏற்பாடு செய்திருந்தார். கடைத்தெருப் பக்கத்து லைன் வீட்டுப் பெண். அவளுக்கு இது பரீட்சை என்றே தெரியாது. தொரசாணி பிள்ளையைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்து வந்திருந்தாள்.

“பச்சப்புள்ள ரெண்டு நாளா பால் குடிக்க மாட்டேங்குதுங்க. வவுத்தால போயிக்கிட்டே கெடக்கு. வெள்ளனே பாத்தா கண்ணு சொருவிக் கெடந்துச்சு. வெரசா ஏதாச்சும் குடுங்க தாயி.”

சிஸ்டர் அசையாமல் நின்றார். அவர் கழுத்தில் சிவப்பு ஏறுவது பின் பெஞ்சிலிருந்து தெரிந்தது. கடைசியில், நான் ஏரிக்கரையில் மெச்சிய அதே குரலில் சொன்னார்: “அன்னையே, தங்கள் மகவு யாது பிணியால் வருந்துகின்றது?”

அந்தப் பெண் டாக்டரம்மாவைப் பார்த்தாள். “என்னம்மா, செபம் சொல்றாங்களா?”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. முன்ஷிகளும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து வந்து குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், தூக்கிக்கொண்டு தாயோடு வெளியே போனார். தேர்வு அதோடு முடிந்தது. குழந்தைக்கு நிஜமாகவே முடியாமல் இருந்திருக்கிறது. பிழைத்துக்கொண்டது என்று பிறகு மாமன் சொன்னார்.

மூன்றாவது வாய்ப்பு கிடைக்கவில்லை. மிஷனின் தலைமையிடத்திலிருந்து பதில் வந்தது: மழைக்காலம் முடிந்ததும் பம்பாயில் கப்பல் ஏற வேண்டும். செய்தியைக் கேட்டதும் என் மனதில் முதலில் ஓடியது என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன். கப்பல் வர இன்னும் சில மாதம் இருக்கிறது, அதுவரை ஜெர்மன் கிடைக்கும். இதைத்தான் முதலில் நினைத்தேன்.

அவர் பாடத்தை நிறுத்தவும் இல்லை. தமிழ் வகுப்பு இல்லாமல் போனாலும், கொடுத்த வாக்கு வாக்குதான் என்று மாலையில் என்னை வரச்சொன்னார். தங்கியிருந்த பங்களாவின் வராந்தாவில் இரண்டு நாற்காலிகள். தகரக் கூரையில் மழை. என் சென்னைத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்று அவரே யோசித்து வைத்திருந்தார். ஒரு மாலை அவர் தேர்வாளராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு என்னிடம் ஜெர்மனில் கேள்விகள் கேட்டார். எந்த ஊர், அப்பாவுக்கு என்ன தொழில், ஏன் எங்கள் நாட்டுக்கு வர விரும்புகிறீர்கள். மளமளவென்று சொன்னேன். அடுத்து, இந்த மொழியை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார்.

நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் நினைவில் இருந்தது. வாய் திறக்கவில்லை. சொல் மறந்துவிட்டது என்று எண்ணி அவர் முதல் சொல்லை எடுத்துக்கொடுத்தார். நான் எழுந்து வராந்தாவின் ஓரம் வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். பிறகு இங்கிலீஷில் தொடங்கினேன். தங்கள் தோல்வியில் என் பங்கும் ஒருவிதத்தில் இருக்கக்கூடும் என்று நல்ல நல்ல சொற்களாக வந்தன. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். இங்கிலீஷ் உங்களுக்கும் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை, உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படிச் சொல்லுங்கள் என்றார். அதுவரை அவரிடம் நான் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை.

“நான் வேணும்னேதான் அப்படிச் சொல்லிக்குடுத்தேன் சிஸ்டர்.”

“வேணும்னே என்றால்?”

“தெரிஞ்சே செஞ்சேன். மனசறிஞ்சு.”

அவர் தலையசைத்தார். மேலே சொல்லச் சொன்னார்.

“நீங்க பாஸாயிட்டா கீழ போயிருவீங்க. அப்பறம் எனக்கு ஜெர்மன் சொல்லித்தர ஆளு இல்ல. அதான் நீங்க தப்பாப் பேசுனப்பல்லாம் சும்மா இருந்தேன். யாரும் உங்ககிட்டப் பேசிறாம பாத்துக்கிட்டேன்.”

புரியாத இடத்திலெல்லாம் நிறுத்தினார். போயிருவீங்க என்றால் என்ன என்று கேட்டார், விளக்கினேன். பேசிறாம என்பதை இரண்டு முறை சொல்லவைத்தார். முழுவதையும் முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னும் ஒருமுறை சொல்லச் சொன்னார். என்னைத் தண்டிப்பதற்காக அல்ல, விளங்கிக்கொள்வதற்காகவே கேட்டார். அதனால்தான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கடைசியில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக அவரே சொன்னார்.

“நான் கீழ போயிருவேன். அதான் நீங்க சும்மா இருந்தீங்க.”

சரி என்றேன்.

“இது நிஜமாகவே சரியா?” என்றார் இங்கிலீஷில்.

அவர் குரல் உயரவில்லை. இதுவரை நீங்கள் சரி என்று சொன்னவற்றில் எது சரி, எது தப்பு என்று கேட்டார். தலைக்குள் இத்தனை தமிழ் இருக்கிறது, அதில் எதை நம்பி வாயைத் திறப்பது என்று தெரியவில்லை என்றார். எங்கெங்கே விட்டேன் என்று நான் எண்ணி வைத்திருக்கவில்லை. கப்பல் வருவதற்குள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித்தருகிறேன் என்றேன். உங்களிடம் வேண்டாம் என்றார். நாற்காலியிலிருந்து எழுந்து, கதவருகில் போய் நின்று, இதை டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் முதலில் செயலாளர் பாதிரியாரைப் பார்த்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, நீங்கள் பெருந்தன்மையோடு பழியை ஏற்றுக்கொள்ள நினைக்கிறீர்கள் என்று என் தோளைத் தட்டினார். இல்லை என்று மறுபடி விளக்கினேன். விளங்கியதும் தோளிலிருந்து கையை எடுத்தார். தலைமையிடத்தின் முடிவை மாற்றத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும், நான் இனிமேல் பள்ளிக்கு வரவேண்டாம் என்றும் சொன்னார். என்னைச் சேர்த்துவிட்ட பண்டிதருக்கும் அதனால் பேச்சு விழுந்தது. அவர் என்னை வழியில் பார்த்து, குடையைச் சாய்த்துக்கொண்டு போனார்.

பிறகு பஸ் ஏறி வத்தலக்குண்டில் இறங்கி அய்யம்பாளையம் போனேன். தென்னந்தோப்பை ஒட்டிய ஓட்டுக் கட்டடம். வெளியே பெண்கள் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா வேலையை நிறுத்தாமலே நான் சொன்னதைக் கேட்டார். ஒரு பையனின் கால்புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, நீங்க ஜெர்மன் படிச்சு என்ன ஆகப் போறீங்க?”

உதவித்தொகை பற்றிச் சொன்னேன்.

“அதுக்கு இத்தன பேரு காத்துக்கெடக்கணுமாக்கும்?” வாசலில் இருந்தவர்களை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். “கப்பல் வர்ற வரைக்கும் அவங்க இங்க வந்து இருக்கட்டும். உத்தியோகமா இல்ல, ஒத்தாசையா. நான் எழுதிக்கிறேன். நீங்க கூட வராதீங்க.”

சிஸ்டர் அடுத்த வாரம் கீழே போனார். நான் பஸ் நிலையத்துக்குப் போகவில்லை. மாமன்தான் அவருடைய பெட்டியை ஏற்றிவிட்டு வந்தார். மழைக்காலம் முழுவதும் அவர் அய்யம்பாளையத்தில் இருந்தார். மிஷன் மனம் மாறவில்லை. குறித்த நாளில் கப்பல் ஏறினார்.

நான் சென்னைத் தேர்வுக்குப் போனேன். மனம் வெறுத்து அதை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது; ஆனால் போனேன். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்கவே இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டேன். அப்பா கடையில் எல்லோருக்கும் பஞ்சாமிர்தம் கொடுத்தார். டிரங்குப் பெட்டி மூடியில் ஜெர்மனுக்கு நேரே டிக் போடப் பென்சிலை எடுத்து, போடாமல் வைத்தேன். அந்தப் பெட்டியோடுதான் கப்பல் ஏறினேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலம். நான் படித்த நகரத்திலிருந்து ரயிலில் சிறிது தூரத்தில் சிஸ்டரின் ஊர் இருந்தது. டாக்டரம்மாவுக்கு எழுதி அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையின் பெயரை வாங்கியிருந்தேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் ரயில் நிலையம் வரை போய்த் திரும்பினேன். கடைசியில் போனேன். வரவேற்பு மேசையில் என் ஜெர்மனில் அவரை விசாரித்தேன். தப்பில்லாத ஜெர்மன். அவர் வெள்ளை உடுப்பில் படியிறங்கி வந்தார், என்னைப் பார்த்து நின்றார்.

“வாங்க. எப்ப வந்தீங்க? அங்க மழை பெஞ்சுச்சா?”

எந்தச் சிரமமும் இல்லாத அய்யம்பாளையத்துப் பேச்சு. மேசையில் இருந்த பெண் வாயைப் பிளந்தாள். நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த மன்னிப்பு ஜெர்மனில் இருந்தது. அதை எடுக்க முடியவில்லை. டாக்டரம்மா எப்படி இருக்கிறார், பிரசவ அறைக்குக் கதவு போட்டார்களா, தினமும் வந்து ஒரே மாத்திரையைக் கேட்கும் கிழவர் இருக்கிறாரா என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் விவரம் தெரியாது. அவருக்குத் தெரிந்த அய்யம்பாளையம் எனக்குத் தெரியவில்லை.

புறப்படும்போது, அடுத்த ஞாயிறும் வரமுடியுமா என்று அவரே கேட்டார். இங்கே இதைப் பேச ஆள் இல்லை, மறந்துகொண்டு வருகிறது என்றார். நான் செய்யக்கூடியது ஒன்று கடைசியாகக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிறு மதியம் போனேன். மருத்துவமனைச் சிற்றுண்டி அறையில் காப்பியை வைத்துக்கொண்டு தமிழில் பேசுவோம். ஒரு சொல்லைக்கூட நான் தப்பவிடவில்லை. சில சமயம் அவர் எரிச்சலடைந்து, சொல்ல வந்ததைச் சொல்லவிடுங்க என்பார். அப்படியும் விடவில்லை. ஒரு பெண்ணுக்கு வண்டியிலேயே இரட்டைப் பிரசவம் பார்த்ததை, தோப்பில் தேங்காய் விழும் சத்தத்துக்கு முதல் வாரம் தூங்காமல் இருந்ததைச் சொல்வார். சொல்லச் சொல்ல அவர் பேச்சு இன்னும் சரளமாயிற்று. இந்தியாவுக்கே திரும்ப மிஷனிடம் மறுபடி விண்ணப்பித்திருப்பதாக ஒருமுறை சொன்னார். எல்லாம் சரியாகிவிடப் போகிறது என்று ரயிலில் நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும் உட்காரவில்லை.

வசந்தம் வந்தது. அந்த ஞாயிறு அவர் காப்பி வாங்கவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், இரண்டு முறை தோற்றவர் என்று குறித்திருக்கிறது என்றார். நான் அவர்களுக்கு எழுதுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

“பேசப் பேச அங்கயே போகணும் போல இருக்கு. நீங்க போனப்பறம் ரெண்டு நாளைக்கு வேலையே ஓட மாட்டேங்குது. போக முடியாது. எனக்கு இந்தப் பாஷை மறந்துபோனாத்தான் நல்லது. இனிமே நீங்க வராதீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து என் கோட்டை எடுத்துக் கொடுத்தார். வாசல் வரை கூட வந்தார்.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு ரயிலேறி, மருத்துவமனைக்கு எதிர்ப்பக்கம் வரை போனேன். சிற்றுண்டி அறையின் ஜன்னல் அங்கிருந்து தெரியும். கொஞ்ச நேரம் நின்றேன். பார்வையாளர்கள் பூங்கொத்துகளோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த ரயிலில் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் அறையில் இருக்க முடியாததால், ஞாயிறு மதியம் நடக்கும் ரஷ்ய வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஆசிரியர் கண்டிப்பானவர், ஒவ்வொரு சொல்லையும் திருத்துவார். சில வாரம் போனேன். அவர் திருத்தும்போதெல்லாம் சிஸ்டரின் ‘நைன்’தான் காதில் விழுந்தது; பிறகு போவதை நிறுத்திவிட்டேன்.